ஊசி போடாத கையில் பஞ்சு

பள்ளிக்கூடம் விட்டு வந்த கௌரி சீருடையை மாற்றிக்கொண்டிருந்தாள். இடது கையின் மேல்புறத்தில் சின்னதாக ஒரு பஞ்சுத் துண்டு. அதன் மேல் குறுக்கே வெள்ளைப் பிளாஸ்திரி.

நான் அடுக்களையில் நேந்திரம்பழத்தை நெய்யில் வாட்டிக்கொண்டிருந்தேன். தற்செயலாக எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

“மக்கா, கையில இதென்னா?”

“ஊசி.”

“யாரு போட்டா?”

பழம் கரியும் வாசனை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் போனேன்.

பன்னிரண்டு வயது முடிந்த பிள்ளைகளுக்கும் கொரோனா ஊசி என்று அறிவிப்பு வந்திருந்த கோடைக்காலம் அது. கௌரிக்கு அப்போதுதான் பன்னிரண்டு முடிந்திருந்தது. அவளுக்கு ஊசி வேண்டாம் என்று எங்கள் வீட்டில் முடிவாகியிருந்தது. வீட்டாரைக் கேட்காமல் யாரும் பிள்ளைகளுக்கு ஊசி போட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி கேட்டேன்.

“கௌரி, யாரு போட்டான்னு கேக்கேன்.”

“யாரும் போடல்ல.”

பிளாஸ்திரியை மெதுவாகப் பிரித்தேன். அடியில் புள்ளியும் இல்லை, சிவப்பும் இல்லை. ஒட்டியிருந்த பசையின் ஓரத்தில் கொஞ்சம் அழுக்கு மட்டும்.

“பின்னே என்னெத்துக்கு ஒட்டி வச்சிருக்க?”

“கிளாஸ்ல எல்லாருக்கும் போட்டாச்சு. எனக்கு மாத்ரம் இல்ல. ஆதிரா கேட்டா, ‘நிங்ஙட வீட்டில் பேடியாணோ’ன்னு. உங்க வீட்டுல பயமான்னு. எல்லாரும் சிரிச்சா. அதான் நேத்து போட்டாச்சுன்னு சொல்லிட்டேன்.”

பள்ளிக்கூடத்து முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சு எடுத்திருக்கிறாள். அங்கேயே கழிப்பறையில் வைத்துத் தானே ஒட்டியிருக்கிறாள். இதையெல்லாம் அழாமல் சொன்னாள். சொல்லிவிட்டுப் பழத்தட்டை எடுத்துக்கொண்டு டி.வி. முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அந்தக் கேள்விக்கு நேரான பதில், ஆமாம் என்பதுதான். எங்கள் வீட்டில் பயம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பது கௌரிக்கு மட்டும் தெரியாது.

வரிசையில் முதல் ஆள்

பொதுமுடக்கக் காலத்தில் ஆரியசாலைக் கடைத்தெரு எப்படிக் கிடந்தது என்று போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். வீட்டுக்குள் நடந்ததை எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். என் கணவர் “எழுது” என்றார். கௌரி, தன் பெயரை மாற்றக் கூடாது என்றாள்.

என் கணவர் சிவதாணு எனக்கு மாமா மகன். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அத்தான்தான். இருவருக்கும் நாகர்கோவில் பக்கம். பிழைக்க வந்தது இந்த மலையாள ஊருக்கு. ஆரியசாலையில் அவருக்கு மிளகாய் வத்தல், மல்லி, புளி மொத்த வியாபாரம். சாயங்காலம் அவர் வீட்டுப் படியேறும்போதே எங்களுக்குத் தும்மல் வரும். குளித்துவிட்டு வந்த பிறகுதான் கிட்டே உட்கார்ந்து பேசுவார்.

அவரைத் தடுப்பூசிக்கு எதிரானவர் என்று யாரும் சொல்ல முடியாது. வியாபாரிகளுக்கு ஊசி போடுகிறார்கள் என்று தெரிந்த அன்று காலையிலேயே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றவர். கடையில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். அவர்களையும் கடையைச் சாத்திவிட்டு ஆட்டோவில் ஏற்றிப் போனார். மூட்டை தூக்கும் இசக்கிமுத்து நடுவழியில் இறங்கி ஓடப் பார்த்தான். “ஒண்ணும் ஆவாதுடே. என்னையப் பாரு, குத்துக்கல்லாட்டு நிக்கேன்லா” என்று சொல்லி அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்ததை இசக்கிமுத்துவே எனக்குச் சொல்லியிருக்கிறான்.

குடும்பத்து வாட்ஸப் குழுவில் ஊசிக்கு எதிராக யாராவது குரல் செய்தி அனுப்பினால் அத்தான் விடமாட்டார். “அனுப்புகதுக்கு முன்ன ஒரு நிமிசம் யோசிக்கப்பிடாதா?” என்று பதில் போடுவார்.

அப்படிப்பட்டவர் கௌரியின் முறை வந்தபோது வேண்டாம் என்றார்.

“எனக்கு என்னா வந்தாலும் அது எனக்கு. அவளுக்கு நான் எப்பிடி செரின்னு சொல்லுகது?”

நானும் வற்புறுத்தவில்லை.

தெருவில் ஆளுக்கொரு நியாயம்

நாங்கள் ஸ்ரீவராகத்தில், குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்தோம். அந்த மாதங்களில் தெருவில் அப்பா அம்மாக்கள் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் இதுதான் பேச்சு. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு பேசுவார்கள்.

மாடி வீட்டுக் கணவனும் மனைவியும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். “ஆறு மாசம் கழியட்டும், மத்த பிள்ளைகளுக்கு எப்படியிருக்குன்னு பாக்கலாம்” என்பார்கள். மற்ற பிள்ளைகள் என்று அவர்கள் சொல்லும்போது நம் வீட்டுப் பிள்ளையும் அதில் சேர்த்தியா என்று எனக்குத் தோன்றும். ஒருவர் துபாய் போக வேண்டும், சான்றிதழ் கேட்பார்கள் என்பதற்காகவே மகனைக் கூட்டிக்கொண்டு ஓடினார். இன்னொருவர், பிள்ளைகளுக்கு வந்தாலும் இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விடுகிறதே, எதற்கு வீணாகக் குத்த வேண்டும் என்று கேட்டார். அந்தக் கேள்வியை நானும் மனத்துக்குள் கேட்டிருக்கிறேன்.

அடுத்த வீட்டு ஹேமாவுக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. பாங்கில் வேலை. முதல் நாளே மகனுக்குப் போட்டுவிட்டு வந்தாள். என்னை மதில் பக்கம் கூப்பிட்டுச் சொன்னாள்.

“உமா, நான் சொல்றதைக் கேளு. ஆத்துக்காரர்ட்ட சொல்லவே வேண்டாம். மத்தியானம் கூட்டிண்டு போயிட்டு வந்துடு. ஒரு மணிக்கூர் காரியம்.”

“காய்ச்சல் வந்தா?”

“பாராசிட்டமால் குடு. வெயில்ல விளையாடினான்னு சொல்லு.”

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அப்படிச் செய்ய முடியாது. ஊசி போட்ட பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்பதை அத்தான் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது. அவர் அதை ஒரு முறை பார்த்தாயிற்று.

அம்மாவின் ஜாக்கெட் கை

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அம்மா கடைசிவரை முழங்கை வரைக்கும் கை வைத்த ஜாக்கெட்டுதான் போட்டாள். தையல்காரர் இப்போது யாரும் இப்படித் தைப்பதில்லை என்று சொன்னாலும் கேட்கமாட்டாள். மேல்கையில் பெரியம்மைக்குக் குத்திய தழும்புகள் இரண்டு இருந்தன. பளபளவென்று, நடுவில் குழிந்து, பழைய காசு அளவில். சிறு வயதில் அவள் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தால் என் கன்னத்தில் அந்தத் தழும்பு வழுவழுப்பாகப் படும்.

அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்த அன்று அம்மாவை அவளுடைய அப்பா நெல் பத்தாயத்துக்குள் ஒளித்து வைத்தாராம். வந்தவர் பொறுமைசாலி. முற்றத்தில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். உள்ளே நெல் தூசியில் அம்மா தும்மிவிட்டாள். பிடித்து வந்து குத்திவிட்டார்கள்.

அம்மா இதை எங்களைச் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லுவாள். தாத்தா ஏன் ஒளித்தார் என்று பின்னாளில் ஒருமுறை கேட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றுக்குக் குத்திய கை வீங்கி, சீழ் வைத்து, ஒரு மாதம் தூக்க முடியாமல் கிடந்ததாம். அதைத் தாத்தா கண்ணால் பார்த்திருக்கிறார். பெரியம்மையில் செத்தவர்களையும் பார்த்தவர்தான். ஆனால் அது தானாக வந்தது. குத்தச் சொன்னால் அது தான் கொடுத்தது ஆகிவிடும்.

தாத்தா அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார் என்பது என் ஊகம். அத்தான் என்ன கணக்குப் போட்டார் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

ஆறுமுகம்

கௌரிக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். ஆறுமுகம். அத்தானுடைய அப்பாவின் பெயர்.

நல்ல நிறம், சுருட்டை முடி. பால் குடிக்கும்போது நெற்றியெல்லாம் வியர்த்துவிடும். கொஞ்சம் குடிப்பான், களைத்துப்போய் விட்டுவிடுவான், மறுபடியும் அழுவான். வெயில்காலப் பிள்ளை, அதனால்தான் வியர்க்கிறது என்றார்கள். நாங்களும் மின்விசிறியைக் கூட்டி வைத்தோம்.

மூன்று மாதம் முடிந்தபின் போடுகிற ஊசிக்கு இருவருமாகக் கொண்டுபோனோம். எனக்கு ஊசியைப் பார்க்க முடியாது என்பதால் பிள்ளையை அத்தான் மடியில் வைத்துக்கொண்டார். நர்ஸ் காலை அசையாமல் பிடிக்கச் சொன்னாள். பிடித்தார். ஆறுமுகம் வீரிட்டு அழுதான். அழுகையில் மூச்சு நின்று, உதடு நீலமாகி, பிறகு திரும்பவும் குரல் வந்தது. சில பிள்ளைகள் அப்படித்தான் அழும் என்றார்கள்.

அன்று லேசாகக் காய்ச்சல் இருந்தது. மறுநாள் விட்டுவிட்டது. அடுத்த வாரம் ஒரு விடிகாலையில், பால் கொடுக்க எடுத்தபோது, அவன் இல்லை.

பிறவியிலேயே இதயத்தில் கோளாறு இருந்திருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொன்னார்கள். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று குழந்தை டாக்டர் சாரதா எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். நான் நம்பினேன். பிள்ளைக்கு வியர்த்தது, களைத்தது எல்லாம் அதோடு பொருந்திவந்தது. அத்தான் தலையாட்டினார். அதைப் பற்றிப் பிறகு அவர் பேசவே இல்லை.

மூன்றாண்டுகள் கழித்துக் கௌரி பிறந்தாள். பிறந்த உடனே இதயத்துக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். நன்றாக இருந்தது. அவளுக்கான ஊசிகள் எல்லாவற்றுக்கும் நான்தான் கொண்டுபோனேன். அத்தான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். கேட்டுக்கு வெளியே இளநீர் விற்கிறவர் பக்கத்தில் நிற்பார். ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. போடாதே என்றும் சொன்னதில்லை. அவையெல்லாம் காலம்காலமாகப் போட்டு வருகிற ஊசிகள். யாரும் அவரிடம் சம்மதம் கேட்கவில்லை. கொரோனா ஊசிக்கு வீட்டில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அங்கேதான் அவர் நின்றுவிட்டார்.

ஆறுமுகத்தின் ஒரே போட்டோ நாகர்கோவிலில் என் அண்ணன் வீட்டு அலமாரியில் இருந்தது. கௌரியிடம் நாங்கள் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று தீர்மானித்ததும் இல்லை. நாள் தள்ளிப்போய்விட்டது.

சாப்பிடும்போது கேட்டது

பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்த அன்று சாயங்காலம் அத்தான் வந்தார், குளித்தார், சாப்பிட உட்கார்ந்தார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கௌரி தானே தொடங்கினாள்.

“அப்பா, நான் கிளாஸ்ல கள்ளம் சொன்னேன். ஊசி போட்டாச்சுன்னு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னெத்துக்கு அப்பா எனக்கு மாத்ரம் வேண்டாம்னு சொன்னீங்க?”

“இப்பம் அவசரம் ஒண்ணுமில்ல மக்கா.”

“நீங்க போட்டீங்கல்லா. அம்மா போட்டாச்சு. இசக்கியண்ணனை ஆட்டோல பிடிச்சிட்டுப் போனீங்கல்லா.”

“அது வேற.”

“என்ன வேற?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்து முடித்த சோற்றை இன்னும் பிசைந்தார். வழக்கம்போல எழுந்து கை கழுவப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

“உனக்கு ஒரு அண்ணன் இருந்தான்” என்றார்.

பிறகு நான்கைந்து வாக்கியங்களில் சொல்லி முடித்தார். பிறந்தது, பால் குடிக்கும்போது வியர்த்தது, ஊசி போட்டது, அடுத்த வாரம் போய்விட்டது, இதயத்தில் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சொன்னது. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடையில் சரக்கு வந்த கதையைச் சொல்வதுபோல இருந்தது.

கௌரி அழவில்லை. கேள்வி கேட்டாள்.

“பேரு என்னா?”

“ஆறுமுகம்.”

“தாத்தா பேரா? பல்லு முளைச்சிருந்தா?”

“இல்ல. சின்னப் பிள்ளை.”

“என்னை மாதிரி இருப்பானா?”

அத்தான் என்னைப் பார்த்தார். “முடி உன்னை மாதிரி” என்றேன்.

“ஊசியினாலயா அப்பா?”

“இல்லன்னு டாக்டர் சொன்னாவ.”

“நீங்க என்னா சொல்லுகீங்க?”

அவர் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

“எனக்குத் தெரியாது மக்கா.”

கௌரி தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுக்களை வாசலில் நின்று திரும்பிச் சொன்னாள்.

“அப்போ எனக்கு வேண்டாம்பா. நான் கிளாஸ்ல சொல்லிக்கிடுவேன்.”

நெஞ்சில் வைத்த கை

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவள் கேட்டாள், அவர் சொன்னார், அவள் விட்டுக்கொடுத்தாள். ஒரு பாரம் இறங்கினதுபோலக்கூட இருந்தது.

சில நாள் போனபின் கவனித்தேன். கௌரி மாடிப்படியில் பாதியில் நின்று நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறாள். குளித்துவிட்டு வந்து நெற்றியைத் தொட்டு, இது தண்ணீரா வியர்வையா என்று என்னிடம் கேட்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அதை எடுத்துவிட்டு வந்தாள். ஏன் என்றதற்கு, வெயில் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கௌரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவருடைய கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்தாள்.

“அப்பா, இது வேகமா அடிக்குகா? எனக்கும் ஹார்ட்ல கம்ப்ளெயின்ட் உண்டா?”

பேப்பர் கீழே விழுந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல்ல. அவனுக்கு இருந்துதுல்லா. நானும் அவன் தங்கச்சிதானே?”

அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. என்னிடம், “நான் வாயத் தொறந்திருக்கப்பிடாது” என்றார். சொன்னது தப்பில்லை, பாதியில் நிறுத்தியதுதான் தப்பு என்று எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொன்னேன். சாயங்காலம் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, “சாரதா டாக்டர் இப்பமும் பிள்ளைகளைப் பாக்காவளா?” என்று கேட்டார்.

ஒரு கேள்வி

சாரதா டாக்டர் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டார். வீட்டு முன்னறையில் மாலை நேரத்தில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஸானிடைஸர் வாசனையோடு முற்றத்துப் பிச்சிப்பூ வாசனையும் வந்தது. தமிழ் நன்றாகப் பேசுவார், நடுநடுவே மலையாளம் கலந்த தமிழ். எங்களை மறக்கவில்லை.

கௌரியை நன்றாகப் பரிசோதித்தார். ஸ்டெதஸ்கோப்பை அவள் காதிலேயே மாட்டி அவளுடைய நெஞ்சுச் சத்தத்தைக் கேட்க வைத்தார். “கேட்டியா? நல்ல மிடுக்கி ஹார்ட்டு. ஒரு குழப்பமும் இல்ல. அப்பாவோட சமாதானத்துக்கு வேணும்னா ஒரு ஸ்கேன் எடுத்துக்கலாம்” என்றார். பிறகு எடுத்தோம். எல்லாம் சரியாக இருந்தது.

வெளியே வராந்தாவில் கூண்டில் லவ் பேர்ட்ஸ் இருந்தன. கௌரி அதைப் பார்க்கப் போனாள். நாங்கள் எழுந்தோம். அத்தான் மட்டும் பாதி எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

“டாக்டரே, ஒரு காரியம் கேக்கணும்.”

“கேளுங்க.”

“அன்னைக்கு நான் அவன் காலை இறுக்கிப் பிடிச்சிருந்தேன். நர்ஸ் சொன்னதை விட இறுக்கி. அவன் கிடந்து பெடைச்சான். நான் விடல்ல. அப்பத்தான் நீலமாச்சு. நான் பிடிச்ச பிடியிலயா அவனுக்கு ஹார்ட்டு…”

முடிக்கவில்லை. இரண்டு கைகளையும் மேசை மேல் விரித்து வைத்திருந்தார், டாக்டர் பரிசோதிக்கட்டும் என்பதுபோல.

நான் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அத்தனை வருடங்களாக அவர் ஊசிக்குப் பயந்தார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்படியே நினைத்திருந்தேன்.

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டார். அந்த நாட்களில் அது சின்னக் காரியம் இல்லை.

“இல்ல சிவதாணு. இல்லவே இல்ல. பிள்ளையோட ஹார்ட்டை யாரும் கால்ல பிடிச்சுக் கெடுக்க முடியாது. அழறப்போ நீலமானது அவனோட சீக்கு. நீங்க பிடிச்சாலும், இவங்க பிடிச்சாலும், யாரும் பிடிக்காம அவனா அழுதாலும் நீலமாகியிருக்கும். அன்னைக்கு அதை நாங்க டாக்டர்மார் கவனிச்சிருக்கணும். யாருக்கும் தோணல்ல. ஊசி போடாம இருந்திருந்தாலும் அவன் பிழைச்சிருக்க மாட்டான்.”

“நிச்சயமாட்டா?”

“நிச்சயமாட்டு.”

அவர் கைகளை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் பின்னால் நின்றேன். அவருடைய காது மடல் சிவந்திருந்தது.

வாசல் வரை வந்தபின் நான்தான் கௌரியின் ஊசியைப் பற்றிக் கேட்டேன். “நான் போடணும்னுதான் சொல்லுவேன். காய்ச்சல் வரலாம், கை வலிக்கலாம். தீர்மானம் உங்களோடது. அவளிட்டயும் கேளுங்க” என்றார் டாக்டர்.

குளக்கரை வழியாக நடந்து வந்தோம். கௌரி முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தவள் அன்று ஓடினாள்.

“இத்தனை வருசம் எங்கிட்ட ஏன் அத்தான் கேக்கல்ல?” என்றேன்.

“கேட்டா நீ இல்லன்னு சொல்லுவ.”

“அதுக்கென்ன?”

“நீ சொன்னா எனக்குப் போதாது உமா.”

எனக்கு அது வருத்தமாக இல்லை. சரியாகத்தான் சொன்னார்.

சுகாதார மையத்தில்

இரண்டு மூன்று வாரம் யாரும் ஊசிப் பேச்சை எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் கௌரியே சொன்னாள், ஆதிராவுக்கு இரண்டாவது ஊசியும் முடிந்துவிட்டதாம். அத்தான் கேட்டார், “உனக்கு போடணும்னு இருக்கா?”

“உங்களுக்குப் பயமில்லன்னா.”

“பயம் உண்டு. போயிட்டு வருவோம்.”

மூவருமாகப் போனோம். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தினார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு எங்களோடு உள்ளே வந்தார்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளை இடைவெளி விட்டுப் போட்டிருந்தார்கள். சுவரில் சின்னக் குழந்தைகளுக்கான படங்கள் ஒட்டியிருந்தன. கௌரியின் முறை வந்தது. நர்ஸ் இளம்பெண். பிள்ளைகள் ஊசியைப் பார்க்காமல் இருக்கப் பேச்சுக் கொடுப்பது அவள் வழக்கம் போலிருக்கிறது.

“ஒற்ற மோளாணோ?” என்று கேட்டாள். வீட்டில் ஒரே பெண்ணா என்று.

நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வெளியில் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

“அல்ல” என்றாள் கௌரி. “எனிக்கொரு சேட்டன் உண்டாயிருந்நு.”

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்று. நர்ஸ் அதற்குள் போட்டு முடித்துவிட்டாள். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

காத்திருக்கச் சொன்ன நேரம் முழுவதும் அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “தலை சுத்துகா? மூச்சு முட்டுகா?” என்று மாறிமாறிக் கேட்டார். “அப்பா, எனக்குப் பசிக்குகு” என்றாள் அவள். அன்று சாயங்காலம் காய்ச்சல் வந்தது. அத்தான் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மருந்து கொடுத்தார், நெற்றியைத் தொட்டார், கையை எடுத்தார், மறுபடியும் தொட்டார். மறுநாள் காய்ச்சல் இல்லை. அதற்கடுத்த நாள் கௌரி பள்ளிக்கூடம் போனாள். அந்த மாதக் கடைசியில் மூவரும் நாகர்கோவில் போய் ஆறுமுகத்தின் போட்டோவை எடுத்து வந்தோம்.

இரண்டாவது ஊசியின்போது நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸில் நெருக்கடி. லீவு கேட்க முடியவில்லை. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று அத்தானிடம் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கௌரி ஊஞ்சலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

“யாரு கூட்டிட்டுப் போனா?”

“அப்பா.”

“உள்ள வந்தாவளா?”

“வந்தாவ. எனக்குப் பக்கத்துல நின்னு என் கையைப் பிடிச்சிக்கிட்டாவ. ஆனா ஊசி போடும்போ கண்ணை இறுக்கி மூடிட்டாவம்மா. சிஸ்டர் சிரிச்சா. ஊசி போட்டு முடிச்சும் தொறக்கல்ல.”

“பொறவு?”

“நான்தான் சொன்னேன், கழிஞ்சுப்பா, கண்ணைத் தொறங்கன்னு.”